ஏசுராஜின் கார்

ஆறுதல் சொல்லக் கம்பெனி ஆள் தேடியபோது தன் பெயர் அடிபட்டதில் வாஞ்சிநாதனுக்கு உள்ளூரக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. அதை நினைத்துப் பிற்பாடு தன் தலையில் தானே பலமுறை குட்டிக்கொண்டார்.

நியூஜெர்சியில் ஒரு மருந்து ஆலையில் அவர் மேனேஜர். தொண்ணூற்றேழு மார்ச்சில், அங்கே இன்ஜினியராக இருந்த ஏசுராஜ் பெரிய டேங்க் ஒன்றைப் பரிசோதிக்க உள்ளே இறங்கினார். உள்ளே காற்று இல்லை, நைட்ரஜன்தான் நிறைந்திருந்தது. வெளியே தூக்கியபோது உயிர் இல்லை.

"நீங்களும் தமிழர்தானே, போய் வாருங்கள்" என்றது நிர்வாகம். விபத்தைப் பற்றி வாய் திறக்கக் கூடாது, மன்னிப்பு என்ற பேச்சே வரக் கூடாது என்று சொல்லி அனுப்பினார் கம்பெனி வக்கீல்.

வாஞ்சிநாதன் தமிழ்ச் சங்கச் செயலாளர். பொங்கல் விழாவில் மைக்கைப் பிடித்தால் சாம்பார் ஆறும்வரை விடமாட்டார். ஏசுராஜின் வீடு இருந்த ஈஸ்ட் பிரன்ஸ்விக் போகும் வழியெல்லாம் காரிலேயே ஒத்திகை பார்த்தார். கண்ணாடியில் முகபாவத்தைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

ஏசுராஜின் மனைவி ஜெயலீலா, சர்ச்சிலிருந்து வந்த இரண்டு பெண்களுக்கு நடுவே சோபாவில் உட்கார்ந்திருந்தாள். வாஞ்சிநாதன் நின்றபடியே தொடங்கினார். ஈடு செய்ய முடியாத இழப்பு, ஆலமரம் சாய்ந்தது, எல்லாம் வந்தது. முடிக்கும்போது வாய் பழக்கதோஷத்தில், "நன்றி, வணக்கம்" என்று சொல்லிவிட்டது.

ஒரு பெண் கைதட்டப் போய்ச் சட்டென்று கைகளை மடியில் வைத்துக்கொண்டாள். கார்பெட்டுக்குள் புதைந்துவிடலாமா என்று இருந்தது அவருக்கு.

"உக்காருங்க சார்" என்றாள் ஜெயலீலா. "ஆபீஸ்லேருந்து ஒரு லேடி போன் பண்ணாங்க. அவர் ரூல்ஸ ஃபாலோ பண்ணலன்னு சொன்னாங்க. நிஜமா?"

வக்கீலின் முகம் ஞாபகம் வந்தது. தயாரித்து வைத்திருந்த வாக்கியங்களில் ஒன்றுகூட உதவவில்லை.

"இல்லம்மா. உள்ள செக் பண்ணிட்டோம்னு எங்க ஆளுங்க சொன்னாங்க. அத நம்பித்தான் இறங்கினார். யாருமே செக் பண்ணல. அவர் மேல ஒரு தப்பும் இல்ல."

"ரொம்பக் கஷ்டப்பட்டாரா?"

"நைட்ரஜனுக்கு வாசனையே கிடையாதும்மா. ரெண்டு மூச்சுல நினைவு போயிடும். என்ன நடக்குதுன்னே தெரிஞ்சிருக்காது. எங்கள மன்னிச்சிடும்மா."

சொன்னவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். ஆறுதல் சொல்லப் போனவருக்கு ஜெயலீலாதான் டிஷ்யூ எடுத்துக் கொடுத்தாள்.

வீட்டுக்கு வந்து, "என் வேல போனாலும் போகட்டும்" என்று மனைவி பர்வதத்திடம் மார்தட்டினார். வேலை போகவில்லை. விசாரணைக்கு வந்த அரசாங்க அதிகாரிகளிடமும் ஜெயலீலாவிடம் சொன்னதையே சொன்னார். வக்கீல் அவரைக் கண்டால் வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவ்வளவுதான். தியாகி ஆகும் வாய்ப்பு நழுவியதில் அவருக்குக் கொஞ்சம் ஏமாற்றம்.

அடக்கம் முடிந்த பிறகு ஜெயலீலா போன் செய்தாள். "அவர் கார் இன்னும் உங்க பார்க்கிங் லாட்லயே நிக்குது சார். எனக்கு டிரைவிங் தெரியாது. கொண்டு வரணும்."

அவளையும் கூட்டிக்கொண்டு போனார். ஏசுராஜ் ஆறடி உயரம். வாஞ்சிநாதனோ செருப்போடு சேர்த்து ஐந்தே கால். டிரைவர் சீட் எங்கோ பின்னால் இருந்தது. பெடலுக்குக் கால் எட்டவில்லை. முன்னால் இழுக்கச் சீட்டுக்கடியில் கையை விட்டார்.

"அத மாத்தாதீங்க சார்" என்றாள். பிறகு, "ப்ளீஸ்" என்றாள்.

கையை எடுத்துவிட்டார். சீட்டின் நுனியில் தொற்றிக்கொண்டு, ஸ்டியரிங்கைக் கட்டிப்பிடித்தபடி, வலப்பக்க லேனில் சைக்கிள் வேகத்தில் போனார். பின்னால் ஹாரன்கள் அலறின. முந்திப் போன ஒரு லாரிக்காரன் ஜன்னல் வழியாக என்னவோ கத்தினான்.

"என்ன சொல்றான் சார்?"

"என்னத்தான் திட்டறான். நியாயந்தான்."

ஜெயலீலாவின் உதட்டோரம் லேசாகச் சிரிப்பு வந்து உடனே மறைந்தது. வீட்டு வாசலில் காரைக் கோணலாக நிறுத்தி, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டு, மரத்துப்போன காலை இழுத்துக்கொண்டு இறங்கினார். அவள் இறங்கவில்லை. ஏசுராஜின் சீட் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். வாஞ்சிநாதன் கதவை மெல்லச் சாத்திவிட்டு, சற்றுத் தள்ளிப் போய் நின்றார்.