கண்டக்டரம்மா கதைக்காக விழ மாட்டார்

1

இந்தக் கதை எனக்குக் கிடைத்தது ஒரு பிசியோதெரபி அறையில். முழங்கால் வலியோடு படுத்துக் கிடந்தேன். பச்சைத் திரைக்கு அந்தப் பக்கம் ஒரு பெண்குரல், "விழுறதுக்கெல்லாம் எனக்கு இப்ப நேரமில்லம்மா" என்றது. ஆளைப் பார்க்கவில்லை. அந்த ஒரு வரியைச் சுருட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். மற்றதெல்லாம் என் கைச்சரக்கு.

2

முதல் தொடக்கம்: "தரையில் ஈரம் காயாத அந்தக் காலைப் பொழுதில், விதி தன்..."

(வேண்டாம். விதி உள்ளே வந்துவிட்டால் பிசியோதெரபிஸ்டுக்கு என்ன வேலை?)

இரண்டாவது: "முதுமை என்பது ஒரு..."

(எழுதும்போதே கொட்டாவி வந்தது.)

மூன்றாவது, சுற்றி வளைக்காதது: ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் மாடிவீடு ஒன்றில் தனியாக இருக்கிறார். தெருவுக்கே அவர் கண்டக்டரம்மா. அவருக்கு ஒரே மகன், அம்மா மேல் உயிர். "நீ இதுல தடுக்கி விழுந்துடுவேம்மா" என்று சொல்லி, ஹால் நடுவிலிருந்த பழைய மர மேஜையையும் இரண்டு முக்காலிகளையும் கீழே இறக்கிவிட்டுப் போனார். ஹால் பளிச்சென்று ஆனது. அடுத்த வாரமே கண்டக்டரம்மா அதே ஹாலில் விழுந்தார்.

எலும்பு தப்பியது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை. போன் ஜன்னல் திட்டில், கைக்கு எட்டாத உயரத்தில். கீழ்வீட்டுப் பெண் துணி காயப்போட மேலே வந்தபோதுதான் விஷயம் தெரிந்தது.

"கொஞ்ச நேரம்தான்டா கிடந்தேன்" என்றார், அலறியடித்து வந்த மகனிடம்.

"வீட்டைக் காலி பண்ணிட்டு எங்ககூட வந்துடும்மா. இனிமே தனியா வேணாம்."

மகன் வீட்டில் எல்லோரும் தங்கமானவர்கள்தான். ஆனால் யாரிடமும் கேட்காமல் விசிறியைப் போடவும் நிறுத்தவும் முடிகிற வீடு கண்டக்டரம்மாவுக்கு இது ஒன்றுதான். அதை விட்டுப்போக அவருக்கு மனமில்லை.

"தரையிலேர்ந்து நானே எழுந்து காட்டினா?"

"காட்டு, பார்க்கலாம்" என்றார் மகன், அம்மாவால் எங்கே முடியப்போகிறது என்ற தைரியத்தில்.

3

பிசியோதெரபிஸ்ட் சின்னப் பெண். சிரித்த முகம், கறார் பேச்சு.

"முப்பது வருஷம் ஓடுற பஸ்ல எதையும் பிடிக்காம நின்னவ நான். எனக்கா பேலன்ஸ் சொல்லித்தரப் போறே?"

"சும்மா நில்லுங்கம்மா, பார்க்கறேன்."

கண்டக்டரம்மா ராணுவத் தோரணையில் நின்றார்.

"இப்ப அந்தக் கட்டிலை விட்டுட்டு நில்லுங்க."

குனிந்து பார்த்தார். அவருடைய இடுப்பு கட்டில் விளிம்பில் ஒய்யாரமாகச் சாய்ந்திருந்தது. யார் அதை அங்கே கொண்டுபோய் வைத்தார்கள் என்றே அவருக்குத் தெரியவில்லை. பஸ்ஸிலும் இதுதான் நடந்திருக்கிறது. இரண்டு கைக்கும் டிக்கெட், சில்லறை என்று வேலை இருந்ததால் பாரத்தையெல்லாம் இடுப்பு சீட்டு மூலையில் இறக்கி வைத்திருக்கிறது. வீட்டில் அந்த வேலையைச் செய்தது மர மேஜை.

"அப்ப நான் தடுக்கி விழல" என்றார் மெதுவாக. "இல்லாத மேஜையில சாயப்போய் விழுந்திருக்கேன்."

இதை மகனிடம் சொல்லப்போவதில்லை என்று அங்கேயே முடிவு செய்தார். (சொல்லச் சொல்லிக் கெஞ்சினேன். நல்ல சண்டைக் காட்சி ஒன்று தேறியிருக்கும். "பிள்ளை மனசு ஒடிஞ்சிடும், நீங்க சும்மா இருங்க" என்று என் வாயை அடைத்துவிட்டார்.)

4

பயிற்சி தொடங்கியது. கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து எழுவது. குதிகால் விரலைத் தொட அடிமேல் அடி வைத்து நடப்பது. பாயில் படுப்பது, எழுவது, மறுபடி படுப்பது. முதல் நாள் பாயிலேயே அழுதார். "என்னால ஆகாதும்மா." மறுநாள் எல்லோருக்கும் முன்னால் வந்து நின்றார்.

கதை மட்டும் நகரவில்லை. இன்னொரு முறை விழுந்தால் சூடு பிடிக்கும் என்று நினைத்தேன். குளியலறையில் தண்ணீரைக் கொட்டினேன். சுவரில் கைப்பிடி பொருத்தியிருந்தார். மின்சாரத்தை நிறுத்தினேன், டார்ச் தலையணைக்குப் பக்கத்திலேயே இருந்தது. பூனையைக் காலுக்குள் ஓடவிட்டேன். "அப்போது அவருடைய வலது கால் மெல்லத் தடுமாறி..."

(இடது காலை ஒரு எட்டு முன்னால் வைத்து நின்றுவிட்டார். பூனையைத் திட்டவும் செய்தார். அந்தப் பக்கம் முழுவதையும் கிழித்துப் போட்டேன். எழுத்தில் இவ்வளவு சந்தோஷமாக நான் தோற்றதே இல்லை.)

5

மகன் வந்தார். ஹால் நடுவில் ஒரு நாற்காலி போட்டிருந்தது. கண்டக்டரம்மா முட்டியை மடக்கி, கையை ஊன்றி, தரையில் மல்லாந்து படுத்தார்.

"அம்மா!"

"கிட்ட வராதே."

ஒருக்களித்தார். முழங்கையை ஊன்றினார். மூச்சு வாங்கியது, நிறுத்தி வாங்கிக்கொண்டார். தவழ்ந்து நாற்காலியை அடைந்து, இருக்கையில் இரண்டு கைகளையும் அழுத்தி, ஒரு பாதத்தை முன்னால் வைத்து, ஒரே மூச்சில் எழுந்தார்.

"ரைட்! ரைட்!" என்று அவர் போட்ட சத்தம் தெருமுனைவரை கேட்டிருக்கும்.

மகன் சமாளித்தார். "நாற்காலியைப் பிடிச்சுக்கிட்டா யார் வேணா எழலாம்மா."

"அப்ப நீ படு."

தொந்தியோடு அவர் படுத்தார். அன்று போன் இருந்த ஜன்னல் திட்டைத் தேடினார். அங்கிருந்து பார்த்தால் அது அவ்வளவு உயரம்.

"அன்னிக்கு நெஜமா எவ்வளவு நேரம்மா கிடந்தே?"

"காலையில கதவுகிட்ட இருந்த வெயில் சமையலறைக்குள்ள போற வரைக்கும்."

மகன் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார்.  கண்டக்டரம்மாவின் குரல் உடையவில்லை.

"போதும்டா. அழுதுக்கிட்டே எழ வராது. ஒருக்களிச்சுப் படு முதல்ல."

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன். மகனோடு போகிறார். போகவில்லை. மூன்றாவதில் மகனே மர மேஜையைத் தூக்கிக்கொண்டு மாடியேறி வருகிறார். (அதை அடித்துவிட்டேன். கண்டக்டரம்மாவுக்கு இனி மேஜை தேவைப்படாது.)

எதையும் போடப்போவதில்லை. மகன் இப்போது தவழ்ந்து நாற்காலிவரை வந்துவிட்டார். கைகள் இருக்கையில் இருக்கின்றன, எந்தக் காலை முன்னால் வைப்பது என்று குழம்பிப்போயிருக்கிறார். அவர் எழுந்து நின்று சொல்லவேண்டியதை நீங்களே சொல்ல வையுங்கள். ஒன்றே ஒன்று, அவருக்குக் கை மட்டும் கொடுத்துவிடாதீர்கள். அம்மா திட்டுவார்.