முதலில் சொன்ன தொகை

த்ரீ கிங்ஸ் கடைத்தொகுதியின் கார் தரிப்பிடம். கண்ணாடியில் மழை வழிய, போனைக் காதில் வைத்தபடி பற்றிக் அரைத்தூக்கத்தில் மிதந்தான். வரி அலுவலகம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்திருந்தது. உள்ளே உடுப்புக்கடையில் அவன் மனைவி ஜெனுஷாவுக்கு வேலை முடிகிற நேரம். அவளை முழுநேர மேற்பார்வையாளராக வரும்படி கேட்டிருந்தார்கள். இன்றைக்குப் பதில் சொல்லவேண்டும். அவளுக்குக் கொள்ளை ஆசை. அவன்தான் இழுத்தடித்தான்.

பற்றிக் மன்னாரில் கருவாட்டு மொத்த வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவன். முதலில் சொல்கிற விலையை அங்கே ஒருவரும் விலையென்று எடுப்பதில்லை. பிள்ளைகளுக்கான வரிச்சலுகைக்கு விண்ணப்பித்தபோது, இந்த வருஷம் குடும்ப வருமானம் எவ்வளவு வரும் என்று கேட்டார்கள். அடிமட்டத்தில் ஒரு தொகையைச் சொல்லிவைத்தான். அவர்கள் கூட்டிக் கேட்பார்கள், இவன் முனகுவான், நடுவில் எங்கேயாவது படியும் என்பது அவன் எண்ணம். அவர்களோ நன்றி சொல்லி, கிழமைக்குக் கிழமை காசு போடத் தொடங்கிவிட்டார்கள். பேரம் தெரியாத அரசாங்கம்! இனி ஜெனுஷாவின் சம்பளமும் ஏறினால், வாங்கியதில் பெரும்பங்கைத் திருப்பிக் கட்டவேண்டி வரும்.

பாட்டு நீண்டது, அவன் கண் செருகியது. மழைக்குள் கார்கள் வள்ளங்களாக அசைந்தன. வரி அலுவலகம் தறப்பாளின் கீழ் கடை விரித்திருந்தது. கழுத்தில் அட்டை தொங்கிய அதிகாரி, சந்தையில் மாட்டுக்கு விலை பேசுவதுபோல், துவாய்க்குக் கீழே அவன் விரல்களைப் பிடித்தார். இரண்டை அழுத்தினார், பற்றிக் ஒன்றை மடக்கினான்.

"பிள்ளைகுட்டிக்காரன் ஐயா, பாத்துச் செய்யுங்கோ."

அதிகாரி சிரித்தார். எங்கிருந்தோ உப்புக்காற்று வந்தது. மனிசனெண்டால் இவனல்லவா!

"ஹலோ?" என்றது ஒரு பெண்குரல்.

துவாய் மறைந்தது. பற்றிக் தடுமாறி ஸ்பீக்கரில் போட்டான். முன்பு சொன்னது சும்மா தொடக்கத் தொகை, நீங்கள் கூட்டிக் கேட்பீர்கள் என்று நினைத்தேன் என்று ஆங்கிலத்தில் விளக்கினான். உங்கள் வருமானத்தை நாங்கள் ஏன் கூட்டவேண்டும் என்று அந்தப் பெண் உண்மையாகவே குழம்பினாள். சரி, இப்போது எவ்வளவு என்று போடட்டும்?

கதவு திறந்தது. நனைந்த தலையோடு ஜெனுஷா ஏறினாள். "ஆரோட கதைக்கிறீங்கள்?"

"வரிக்காரர். எவ்வளவு வருமெண்டு கேக்கினம். கொஞ்சம் குறைச்சு..."

"இஞ்ச தாங்கோ."

ஜெனுஷா போனை வாங்கி, ஒரு தொகையைத் தெளிவாகச் சொன்னாள். இருவரின் இப்போதைய சம்பளத்தையும் சேர்த்தாலும் அவ்வளவு வராது. இனிக் கிழமைக் காசு நன்றாகக் குறையும், கூடுதலாகப் போனதைப் பிறகு கட்டவேண்டி வரலாம் என்றது போன். பரவாயில்லை என்று ஜெனுஷா வைத்துவிட்டாள்.

"வேலைக்கு ஓமெண்டு சொல்லிப்போட்டீரோ?"

"ஓம். திங்கள் தொடக்கம்."

"அவையள் சொன்ன சம்பளத்துக்கே?"

"உங்களைக் கட்டி இவ்வளவு வருஷம் குடும்பம் நடத்தினவள், முதல் சொன்னதுக்குத் தலையாட்டுவனே? முகத்தைச் சுளிச்சுக்கொண்டு பேசாமல் நிண்டன். தாங்களே ஏத்திச் சொல்லிச்சினம்."

பற்றிக் காரை எடுக்க மறந்து அவளையே பார்த்தான்.

"எவ்வளவு நேரம் நிண்டனீர்?" என்றான், தொழில் கேட்டறியும் மரியாதையோடு.