முதல் கட்டத்தில் எழுதியது

அந்தப் பகல்நேரப் பராமரிப்பு மையத்தில் அவளுக்குப் பட்டாசு என்று பேர். வேலையில் அப்படிச் சுத்தம், வாயில் அப்படி நெருப்பு. சலவை அறை அவள் பொறுப்பு. அங்கே துண்டு மடிக்கிறவரை எல்லாரும் தம்பி என்பார்கள். நாற்பது வயது, ஆட்டிசம், பேச்சு வராது. வருஷக்கணக்காகச் சாதுவாக இருந்த மனிதர், புது அலமாரி வந்த இந்த ஒரு மாதமாக அடிக்கிறார், கடிக்கிறார். கடிபட்டதெல்லாம் பட்டாசின் கை.

மாலையில் தம்பியை அழைத்துப்போக அவருடைய அக்கா வருவாள். தையல் கடையில் வேலை. பட்டாசின் கைக்கட்டைப் பார்த்ததும் கண் கலங்கி மன்னிப்புக் கேட்பாள். பட்டாசு முகத்தை உர்ரென்று வைத்துக்கொண்டு பரவாயில்லை என்பாள். வெள்ளிக்கிழமை கூட்டத்தில் தம்பியை நிறுத்திவிடுவதா என்று முடிவாகும். நிறுத்தினால் அக்கா வேலையை விட்டுவிட்டு வீட்டோடு கிடக்க வேண்டியதுதான்.

வியாழனன்று மேலாளர் அம்மா, தம்பி அடித்த சம்பவங்களை ஒரே தாளில் தொகுக்கும்படி பட்டாசிடம் சொன்னார். மூன்று கட்டங்கள்: முன்னால் நடந்தது, நடந்தது, பின்னால் நடந்தது. நடுக் கட்டத்தில் பட்டாசு கதை கதையாக எழுதியிருந்தாள். முதல் கட்டத்தில் பதினெட்டு தடவையும் ஒரே வார்த்தை: ஒன்றுமில்லை.

தேதிகளைப் பார்த்தால், செவ்வாய்க்கிழமை ஒன்றுகூட இல்லை. செவ்வாய் அவளுக்கு வார விடுமுறை. அன்றைக்கு அவள் இடத்தில் நிற்பவர் வேன் ஓட்டுநர், ஊரறிந்த சோம்பேறி. போயும் போயும் அந்த ஆளிடமா தம்பி அடங்கிக் கிடக்கிறார்? பட்டாசுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நேரே வேனுக்குப் போய், செவ்வாய்க்கிழமை அப்படி என்னதான் செய்கிறீர்கள் என்று கேட்டாள்.

"நான் என்னம்மா செய்றேன்? அவரு நாலா மடிக்கிறாரு. நான் அப்படியே எடுத்து அடுக்கிடுவேன்."

"நாலா மடிச்சா புது அலமாரிக் கதவு மூடாதேண்ணே."

"மூடாது. தெறந்தே கெடக்கும்."

பட்டாசு அங்கேயே நின்றுவிட்டாள். கதவு மூட வேண்டுமே என்று, தம்பி மடித்து வைத்த ஒவ்வொரு துண்டையும் அவர் கண்ணெதிரேயே உதறி, மூன்றாக மடித்துக்கொண்டிருந்தது யார்? தன் முதுகு தனக்குத் தெரியாது என்பது சும்மாவா! தன் சமையலை யாராவது கிளறிப் பார்த்தாலே சண்டைக்குப் போகிறவள் அவள். இதைத்தான் ஒன்றுமில்லை என்று பதினெட்டு தடவை எழுதியிருக்கிறாள். வெட்கத்தில் காது சுட்டது.

வெள்ளிக்கிழமை, யாரும் வாய் திறக்கும் முன்பே அக்கா எழுந்து மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தாள்.

"உக்காருங்கக்கா," என்றாள் பட்டாசு. "நீங்க கேட்டதெல்லாம் போதும். இதப் படிங்க."

முதல் கட்டத்தில் இருந்த 'ஒன்றுமில்லை' எல்லாம் கோடு போட்டு அடிக்கப்பட்டிருந்தன. பதினெட்டு இடத்திலும் அவள் கையெழுத்தில், 'அவர் மடித்ததை நான் பிரித்துப் போட்டேன்.' அக்கா ஒவ்வொரு வரியாகப் படித்தாள். பாதியில் அழுதுவிட்டாள். மேலாளர் அம்மா, தம்பி இருக்கட்டும் என்று சொல்லித் தாளை வாங்கி மடித்தார்.

சலவை அறையில் தம்பி ஒரு துண்டை நாலாக மடித்து வைத்துவிட்டு அவள் கையையே பார்த்தார். பட்டாசுக்கு விரலெல்லாம் துறுதுறுத்தது. அடக்கிக்கொண்டு, துண்டை அப்படியே எடுத்து அலமாரியில் வைத்தாள். கதவு மூடவில்லை. தம்பி அடுத்த துண்டை எடுத்தார்.