கூர்வாய் உறை

எங்கள் ஊரில் யாருக்காவது ஒரு வாழ்த்தட்டை கொடுத்துப் பாருங்கள். உறையைப் பிரிப்பார்கள், படிப்பார்கள், "அடடா, எவ்வளவு அழகு!" என்பார்கள். பிறகு, அலமாரி மேல் நிறுத்தி வைக்கப் போகிற சாக்கில், ஒரு கணம் பின்பக்கம் புரட்டுவார்கள். கடையின் பெயர் அங்கேதான் அச்சாகியிருக்கும். நல்ல கடை அட்டையா, மலிவுக்கடை அட்டையா என்பது அந்த ஒரு கணத்தில் தெரிந்துவிடும். இங்கிலாந்தின் வடக்கே இருக்கும் எங்கள் கீத்லியில் எல்லோரும் இதைச் செய்வார்கள். செய்ததாக ஒருவரும் ஒப்புக்கொள்ள மாட்டார்கள்.

என் பெயர் ஸ்டூவர்ட். கடைத்தெருவில் சாவி வெட்டுவதும் செருப்புக்குக் குதி அடிப்பதும் என் தொழில். எனக்குப் பக்கத்துக் கடை நெவில் ஷாக்கிள்டன் மேலாளராக இருக்கும் மலிவு அட்டைக்கடை. தெருவுக்கு அந்தப் பக்கம், நேர் எதிரே, வெரோனிகா ஹோல்ராய்டின் அட்டைக்கடை. இரண்டிலும் விற்பது வாழ்த்தட்டைதான். ஆனால் இரண்டும் ஓடுகிற விதம் வேறு.

வெரோனிகாவின் கடையில் ஒரு படம் வருவதற்குப் பல கை மாறும். வரைந்தவருக்கு ஒரு பங்கு, அச்சிட்டவருக்கு ஒரு பங்கு, ஊர் ஊராக மாதிரி காட்டி விற்பவருக்கு ஒரு பங்கு. அதனால் விலை ஏறும். விலை ஏறுவதால் அவள் ஒவ்வொரு படத்திலும் ஒன்றோ இரண்டோதான் வாங்கி வைப்பாள். நெவில் வேலை செய்கிற கம்பெனியிலோ வரைகிறவர், அச்சு இயந்திரம், லாரி, கடை எல்லாமே ஒரே முதலாளியுடையது. நடுவில் பங்கு கேட்க ஆளில்லை. ஒரே படத்தை மலை மலையாக அடித்துத் தள்ளுவார்கள். மிச்சம் பிடிக்க வேண்டியதைக் காகிதத்திலும் உறையிலும் பிடிப்பார்கள்.

உறை என்று சொன்னேன் அல்லவா, அதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிப்ரவரி தொடக்கத்தில் நெவில் என் கடைக்குள் வந்து, வெட்டுவதற்குச் சாவி எதுவும் கொடுக்காமல் நின்றான்.

"ஸ்டூ, வெரோனிகா கடையை மூடப்போறாளாம். மார்ச்சோட குத்தகை முடியுது. கடலோரம் ஸ்கார்பரோவுல இருக்கிற தங்கச்சி வீட்டுக்குப் போறாளாம்."

"உனக்கு நல்லதுதானடா. அவ வாடிக்கையெல்லாம் உன்கிட்டதான வரும்?"

"எனக்கு வாடிக்கை வேணாம்டா."

அவன் முகத்தைப் பார்த்தேன். காது வரைக்கும் சிவந்திருந்தது. மனைவி இறந்து பல வருடங்களாகத் தனியாக இருப்பவன். தினமும் காலையில் ஏணி போட்டு ஏறி, ஏற்கெனவே சுத்தமாக இருக்கிற கடைக் கண்ணாடியைத் துடைப்பான். எதிர்க்கடையில் ஷட்டர் திறக்கிற வரைக்கும் துடைப்பான். எனக்கு அப்போதுதான் புரிந்தது.

"அட பாவி! இத்தனை நாளா கண்ணாடியையா தொடச்ச நீ?"

"சிரிக்காத. காதலர் தினத்துக்கு ஒரு அட்டை அனுப்பலாம்னு இருக்கேன்."

காதலர் தின அட்டையில் பெயர் எழுதுவது எங்கள் வழக்கமில்லை. ஒரு கேள்விக்குறி மட்டும் போடுவோம். அட்டை கிடைத்தவர் நாள் முழுக்க மண்டையைக் குடைந்துகொள்ள வேண்டும், அதுதான் விளையாட்டு.

"உன் கடையிலதான் ஆயிரம் கெடக்கே. ஒண்ண எடு."

"பின்னாடி பொரட்டுவாடா அவ! மலிவுக்கடை அட்டைன்னு தெரிஞ்சா குப்பையிலதான் போடுவா. அவ கடையிலயே வாங்கணும். நான் போய் வாங்க முடியுமா? நீ போ."

போனேன். ஒரே குடைக்குள் இரண்டு முள்ளெலிகள் நின்றுகொண்டிருக்கும் அட்டையை எடுத்தேன். வெரோனிகா அதைக் கனமான பழுப்பு வெள்ளை உறையோடு சேர்த்து, மெல்லிய தாளில் சுற்றிக் கொடுத்தாள்.

"பரவாயில்லையே ஸ்டூ, லொரைன் குடுத்து வச்சவ," என்றாள்.

லொரைன் என் மனைவி. அந்த இடத்திலேயே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. நெவிலுக்கும் உறைக்கவில்லை. அவன் கடையில் ஒரே அட்டை நூறு கிடக்கும். யார் எதை வாங்கினார்கள் என்று கல்லாவில் நிற்கிறவருக்கே தெரியாது. வாழ்நாளெல்லாம் அப்படி விற்றவன், எல்லாக் கடையும் அப்படித்தான் என்று நினைத்துவிட்டான்.

பதினான்காம் தேதி காலை வெரோனிகா தெருவைக் கடந்து நேராக என்னிடம் வந்தாள். கையில் முள்ளெலிகள்.

"ஏன்யா, உனக்குக் கொஞ்சமாவது வெக்கம் இருக்கா?"

"என்னாச்சு?"

"வியாழக்கிழமை ஆனா உன் பொண்டாட்டி என் பக்கத்துலதான்யா பிங்கோ ஆடுறா! அவ மூஞ்சில நான் எப்படி முழிப்பேன்?"

"நான் அனுப்பலங்க!"

"இந்தப் படம் என் கடையில ஒண்ணே ஒண்ணுதான் இருந்துச்சு. அத இந்தக் கையாலதான் உனக்கு வித்தேன். இப்ப இது என் கதவுத் தபால் துளை வழியா உள்ள விழுந்திருக்கு. பறந்தா வந்துச்சு?"

பெயரைச் சொல்ல மாட்டேன் என்று நெவிலுக்கு வாக்குக் கொடுத்திருந்தேன். சொல்லாவிட்டால் வியாழக்கிழமை லொரைன் என் குதிகாலுக்கே ஆணி அடிப்பாள். அப்போதுதான் வெரோனிகாவின் இன்னொரு கையிலிருந்த உறையைப் பார்த்தேன். சாவி வெட்டுகிறவனுக்கு எதைப் பார்த்தாலும் கண் முதலில் விளிம்புக்குத்தான் போகும்.

"அட்டைய விடுங்க. உறையப் பாருங்க," என்றேன்.

"உறைக்கு என்ன?"

"உங்க உறையோட வாய் எப்படி இருக்கும்?"

அவள் குனிந்து பார்த்தாள். அவள் கடை உறைகளின் மடிப்பு நேராக, அகலமாக இருக்கும். நேராக வெட்டினால் காகிதம் அதிகம் பிடிக்கும். இந்த உறையின் மடிப்பு கூராக, முக்கோணமாக இருந்தது. அப்படி வெட்டினால் ஒரே தாளில் இன்னும் சில உறைகள் கிடைக்கும். அவள் முள்ளெலிகளை மறுபடி உள்ளே போட்டு, உறையை வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பிடித்தாள்.

"குடை தெரியுது," என்றாள் மெதுவாக. "வெளியில இருந்தே தெரியுது."

உறையின் மேல் அவள் பெயர் கோணல்மாணலாக, இடது கையால் எழுதியதுபோல் இருந்தது. நடந்தது எனக்குப் புரிந்துவிட்டது. நல்ல உறையில்தான் முதலில் எழுதியிருப்பான். எழுதிய பிறகுதான் தெரிந்திருக்கும், அது அவன் கடைக் கண்ணாடியில் 'மூன்று எடுத்தால் மலிவு' என்று எழுதி ஒட்டுகிற அதே கொழுத்த எழுத்து என்று. பயந்துபோய் அதைக் கிழித்துவிட்டு, தன் கடை உறையை எடுத்து, கையை மாற்றி எழுதியிருக்கிறான்.

வெரோனிகா பக்கத்துக் கடையைத் திரும்பிப் பார்த்தாள். நெவில் ஏணியின் உச்சியில் நின்று இதய பலூன் ஒன்றைக் கட்டிக்கொண்டிருந்தான். வெகு நேரமாக அதே பலூனைத்தான் கட்டுகிறான்.

"அந்தாளா?"

"நான் ஒண்ணுமே சொல்லல."

"சொல்லாத. வாயத் தொறந்த, கொன்னுடுவேன்."

சொல்லிவிட்டு நேராக நெவிலின் கடைக்குள் நுழைந்தாள். அந்தக் கடை திறந்த நாளிலிருந்து அவள் அதன் வாசலை மிதித்ததில்லை. எனக்கு என்ன, நானும் பின்னாலேயே போனேன்.

மலிவுக்கடையில் அட்டைகள் உறவுமுறைப்படி அடுக்கியிருக்கும். அம்மா, அப்பா, மருமகள், அம்மாவைப் போல் இருப்பவர், நாய்க்கு, நாயிடமிருந்து, பூனையிடமிருந்து. வெரோனிகா ஒவ்வொரு அடுக்காக நடந்தாள். ஒவ்வொன்றையும் எடுத்தாள், புரட்டினாள், வைத்தாள். நெவில் பலூனோடு ஏணியிலிருந்து இறங்கி வந்தான்.

"மிஸ்டர் ஷாக்கிள்டன், எதிர்க்கடைக்காரருக்குன்னு எந்த அடுக்குல வச்சிருக்கீங்க?"

"அது... அந்தத் தலைப்புல எங்க கம்பெனி போடுறதில்லங்க."

"நாய்க்குப் போடுறாங்க."

"ஆமாங்க."

"நாய் அம்மாவுக்கு அனுப்புறதுக்குப் போடுறாங்க."

"அது நல்லாவே போகும்ங்க. உள்ள எழுத்து இல்லாம வெறுமையா ஒண்ணு இருக்கு, கடைசி அடுக்குல. எந்தத் தலைப்பும் ஒத்து வராதவங்க அதைத்தான் எடுப்பாங்க."

அவள் கடைசி அடுக்கிலிருந்து ஒரு கழுதைப் படத்தை எடுத்து கல்லாவில் வைத்தாள். நெவில் விலையைத் தட்டினான். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் நாக்கு முப்பது வருடப் பழக்கத்தில் தானாகச் சொல்லிவிட்டது.

"மூணா எடுத்தா மலிவு கண்ணு."

பலூன் அவன் கையை விட்டுக் கூரைக்குப் போனது.

"எனக்கு அனுப்புறதுக்கு ஒரே ஒருத்தர்தான் இருக்கார்," என்றாள் வெரோனிகா. காசைக் கொடுத்தாள். கிளம்பும்போது அட்டையோடு வந்த கூர்வாய் உறையை மட்டும் கல்லாவிலேயே விட்டுவிட்டாள்.

மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு நெவில் என் கடைக்கு ஓடிவந்தான். கையில் கனமான பழுப்பு வெள்ளை உறை. மடிப்பு நேராக, அகலமாக இருந்தது. அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தான்.

"ஒண்ணும் தெரியலடா ஸ்டூ. எனக்குப் பயமா இருக்கு. நீ தொற."

"நீயே தொறடா. இதுக்கும் நானா?"

திறந்தான். கழுதை. உள்ளே ஒரு கேள்விக்குறி மட்டும். வேறு ஒன்றுமில்லை. நெவிலின் தோள் தொங்கிப்போனது.

"வெளையாட்டுக்குப் பண்ணியிருக்கா," என்றான்.

சொல்லிக்கொண்டே, அவன் கை, தன்பாட்டுக்கு, அட்டையைப் பின்பக்கம் புரட்டியது.

"டேய், உன் கடை அட்டைதானடா அது! அதப் போய் என்னத்தப் பொரட்டிப் பாக்குற?"

கம்பெனிப் பெயருக்கு மேலே, பென்சிலால், பொடி எழுத்தில் எழுதியிருந்தது:

'புரட்டுவீர்கள் என்று தெரியும். தங்கச்சியிடம் வரவில்லை என்று சொல்லிவிட்டேன், குத்தகையைப் புதுப்பிக்கிறேன். வெள்ளிக்கிழமை சேர்ந்து மீன் வறுவல் சாப்பிடலாம். நல்ல உறை நான் கொடுத்துவிட்டேன், மீன் உங்கள் செலவு.'