ஆக்குப்பெர வாசல்

தோவாளைக்குப் பக்கத்தில் ஒரு பொறியியல் கல்லூரி. இரண்டாயிரத்துப் பத்தில் அங்கே இறுதியாண்டு படித்த சுதன், கல்லூரியின் வேலைவாய்ப்புக்கென்று ஒரு இணையதளம் எழுதினான். அதுதான் அவன் புராஜெக்ட். மார்க் வேண்டுமென்றால் பிரின்சிபால் யேசுரத்தினத்துக்கு அது விளங்க வேண்டும். விளங்கவைக்கக் கல்யாணப் பந்தியை இழுத்தான்.

“மண்டப வாசல்ல தாய்மாமன் நிப்பாரு சார். ஆளு யாருன்னு பாத்து உள்ள விடுவாரு. அதுதான் வெப் சர்வர், பாஸ்வேர்டு கேக்கும். உள்ள பந்தியில சோறு வெளம்புறவன் அப்ளிகேஷன் சர்வர். அவன் ஒண்ணும் கேக்கமாட்டான். மாமா வந்த ஆளு பேரச் சொல்லி அனுப்பினா எல போட்டுருவான்.”

பிரின்சிபாலுக்குப் பசித்தது. தலையாட்டிவிட்டார்.

வெளியே வந்ததும், கூடப் படிக்கும் இனயம் ஊர்க்காரன் ஷிஜின் கேட்டான்.

“லேய் மக்கா, பின்னால சோறு பொங்குற ஆக்குப்பெர வழியா ஒருத்தன் நேரா வெளம்புறவன்ட்ட போயி, நாந்தான் மாப்பிளன்னு சொன்னா?”

“எல போடுவான். ஆனா எவம்லே அந்த வழியா வருவான்? மானங்கெட்டவனா?”

“அதுவும் செரிதான்,” என்றான் ஷிஜின். அவனுக்கு மானத்தைப் பற்றிப் பெரிய அபிப்பிராயம் கிடையாது.

சென்னைக் கம்பெனி ஒன்று ஒரே ஓர் ஆளை எடுத்தது: சுதன். அவன் வேண்டாமென்றால் ஷிஜின். சம்மதத்தைத் தளத்தில் பதிய வேண்டும். அன்று செவ்வாய்க்கிழமை, நல்ல காரியத்துக்கு ஆகாதென்று சுதன் தள்ளிப்போட்டான். புதன் காலை திறந்தால், ‘எனக்கு இந்த வேலை வேண்டாம்’ என்று அவன் பேரிலேயே பதிவாகி, வேலை ஷிஜினுக்குப் போயிருந்தது.

பிரின்சிபால் அறைக்கு ஓடினான்.

“சார், அது நான் இல்ல. எவனோ எம் பேரச் சொல்லி உள்ள போயிருக்கான்.”

“அப்பிடிப் போகலாமா? அப்போ உன் புராஜெக்ட் ஓட்டையா?” யேசுரத்தினம் கண்ணாடியைக் கழற்றினார். “ஓட்டைன்னா மார்க் கெடையாது. பாஸாகாதவனுக்கு எந்தக் கம்பெனிக்காரன் வேல குடுப்பான்? ஓட்ட இல்லன்னா, வேண்டாம்னு சொன்னது நீதான். எதுன்னு நீயே சொல்லுடே.”

சுதன் கணக்குப் போட்டுப் பார்த்தான்.

“ஓட்ட இல்ல சார்.”

“பின்ன என்ன? போ.”

மார்க் தொண்ணூற்றெட்டு. படிப்பு முடிந்ததும் தளத்தைப் பார்த்துக்கொள்ளக் கல்லூரியே அவனை வைத்துக்கொண்டது. வாசலில் நிற்கும் வெப் சர்வரைத் தவிர வேறு யார் வந்து பேர் சொன்னாலும் நம்பாதே என்று உள்ளே விளம்பும் சர்வருக்கு ஒரு வரி எழுதினான். அதுதான் அவனுடைய முதல் நாள் வேலை. முடிக்கவும் சென்னையிலிருந்து போன் வந்தது.

“மக்கா, சாப்பாடு கொள்ளாம், ஒரு கொறையும் இல்ல,” என்றான் ஷிஜின். “ஆக்குப்பெர கதவச் சாத்தினியா?”