பதினேழு பேரின் வோட்

இறால் வியாபாரி மீராசாஹிப் கண்ணாடியை மூக்கில் இறக்கிவிட்டு, போனைத் தூரப் பிடித்து எண்ணை வாசித்தார். மூவாயிரத்து நூற்று நாற்பது. "இவ்வளவும் என்ட பேரிலயா கிடக்கு?"

"ஓம் காக்கா," என்றாள் யசோதினி. பனிச்சங்கேணியிலிருந்து ஏறாவூருக்கு பஸ்ஸில் நின்றபடியே வந்த களைப்பு அவள் குரலில் தெரிந்தது.

பனிச்சங்கேணி மீனவர் சங்கம் போன வருடம் பிளாக்செயின் என்ற டிஜிட்டல் பதிவேட்டுக்கு மாறியிருந்தது. ஒரு கிலோ இறாலோ நண்டோ போனில் பதிந்தால் ஒரு டோக்கன். சங்கம் முடிவெடுக்கும்போது ஒரு டோக்கனுக்கு ஒரு வோட். ஒருமுறை எழுதியதை யாராலும் அழிக்க முடியாது, அதனால் ஏமாற்று நடக்காது என்றார்கள். ஏமாற்று நடக்கவில்லைதான். இடுப்பளவுத் தண்ணீரில் நின்று கையால் தடவி இறால் பிடிக்கிற, யசோதினி உட்படப் பதினேழு பெண்களும் மீராசாஹிப்புக்கே விற்றார்கள். அவருடைய போனிலிருந்தே பதிவு போனது. டோக்கன் முழுவதும் அவர் பெயரில் சேர்ந்தது. பெண்களிடம் ஒன்றுகூட இல்லை. இப்போது தோணிக்காரர்கள் வாவிக்கரையில் தண்ணீருக்குள் வேரூன்றி நிற்கும் கண்ணாக்காட்டின் ஓரம் முழுக்க வலை கட்ட வேண்டுமென்று வோட்டுக்கு விட்டிருந்தார்கள். கட்டினால் பெண்களுக்கு இறங்க இடமில்லை. சனிக்கிழமை பகல் பன்னிரண்டுக்கு முடிவு. அன்று வியாழன்.

"இதுக்கா இவ்வளவு தூரம் வந்தீங்க தங்கச்சி? இப்பவே வலை வேணாமெண்டு போட்டுடுறன்." அவருடைய விரல் திரைக்கு மேலே போய்விட்டது.

சரியென்று சொல்லத்தான் யசோதினிக்கு வாய் வந்தது. ஒரு தட்டு, எல்லாம் முடிந்துவிடும். நல்ல மனிதர் வேறு. ஆனால் அடுத்த வருடம் தோணிக்காரர்களும் இதே கதிரையில் வந்து உட்கார்ந்து கேட்பார்கள். அப்போதும் இவருடைய மனதைப் பார்த்துக்கொண்டு நிற்பதா?

"வேணாம் காக்கா. நீங்க போட்டா அது உங்கட வோட். எங்கட டோக்கன எங்களுக்கே தாங்க."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "ஆரு எவ்வளவு புடிச்சதெண்டு எப்பிடிப் பிரிக்கிற?"

"ஒவ்வொரு பதிவுக்குக் கீழயும் நீங்க பேர் எழுதியிருக்கீங்க."

மறந்துவிடக்கூடாதென்று அவரே தட்டிய பெயர்கள். யசோதினி ஆறு கிலோ. சின்னத்தங்கம் மூன்று. பிரஷாந்தி ஐந்து. விரலால் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தன. "என்ட பேரில கிடக்கு," என்றார் மீராசாஹிப் மெதுவாக. "ஆனா என்ட கை நனையல்லியே."

வெள்ளிக்கிழமை மாலைக்குள், பிள்ளைகளிடமும் மருமக்களிடமும் இரவல் வாங்கிய போன்களில் பதினேழு பேரின் கணக்கும் திறந்தாயிற்று. மீராசாஹிப் பிரித்து அனுப்பிய டோக்கன்களும் வந்து சேர்ந்தன.

சனிக்கிழமை காலை, சங்கக் கட்டடத்தில், சின்னத்தங்கம் போனை நீட்டினாள். "யசோ, வலைக்கு ஓமெண்டு போட எதத் தட்டணும்? என்ட மகன் நல்லரத்தினத்திட தோணியிலதான் போறான். வலை கட்டினா அவனுக்கு நெடுக வேலை."

பிரஷாந்தி எழுந்தேவிட்டாள். "அந்த டோக்கன் கைக்கு வந்ததே யசோவாலதான்! இப்பிடியா செய்வ?"

தோணிக்காரர்களிடம் இரண்டாயிரத்துத் தொள்ளாயிரம். சின்னத்தங்கத்திடம் நூற்றுப்பத்து. கூட்டிப் பார்க்கவே யசோதினிக்குப் பயமாக இருந்தது. போனை வாங்கி வேறெதையாவது தட்டிவிடலாம். சின்னத்தங்கத்துக்கு எழுத்து வாசிக்க வராது.

"அவ புடிச்ச இறால். அவட விருப்பம்," என்றாள் யசோதினி. "இந்தா, பச்சை ஓம். சிவப்பு இல்ல."

சின்னத்தங்கம் பச்சையைத் தட்டினாள்.

பன்னிரண்டு மணிக்குப் போன் திரை ஒருமுறை வெளுத்து, மீண்டும் வந்தது. ஓம்: மூவாயிரத்துப் பத்து. இல்லை: மூவாயிரத்து முப்பது.

கூரைத் தகரம் அதிரக் கத்தினார்கள். யாரோ யசோதினியைத் தூக்கிச் சுற்றினார்கள். செருப்பு ஒன்று பறந்து வாசலில் விழுந்தது. பெரிய தோணிக்காரர் நல்லரத்தினம் அதைத் தாண்டி உள்ளே வந்தார். "மீராசாஹிப்பப் புடிச்சு வெண்டுட்டீங்க, என்ன?"

"இல்லண்ணன்," என்றாள் யசோதினி, மூச்சு வாங்க. "நாங்கதான் போட்டம். ஒவ்வொருத்தரா."

வெயில் தாழ்ந்ததும் பெண்கள் இறங்கினார்கள். சிரிப்புச் சத்தத்துக்குக் கண்ணாக்காட்டிலிருந்து கொக்குகள் கலைந்து பறந்தன. சின்னத்தங்கம் கடைசியாக வந்து, கரையில் நின்று சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டிருந்தாள். பிரஷாந்தி தண்ணீருக்குள் யசோதினியின் பக்கத்திலிருந்து இரண்டடி தள்ளிப்போய் இடம் விட்டு நின்றாள். இருவருக்கும் நடுவே ஓராள் நிற்கும் அளவுக்கு வாவி மினுங்கியது.