பம்பை யார் போட்டது?

கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. கொஞ்சம் பிசகினாலும் போட்டுக்கொள்பவருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதால், அவள் மெஷினில் உட்கார்ந்திருக்கும்போது முதலாளிகூடப் பேச்சுக் கொடுக்கமாட்டார். வீட்டில் அந்தக் கொடுப்பினை இல்லை. வீட்டில் அண்ணன் இருந்தான்.

“நாலு நாள் இருந்துட்டுப் போறேன்” என்று பெட்டியோடு வந்தவன், நாலு மாதமாகக் கூடத்து சோபாவை விட்டு அசையவில்லை. குக்கருக்கு எத்தனை விசில் என்பதிலிருந்து மேட்டில் பஸ்ஸை எந்த கியரில் ஏற்றுவது என்பதுவரை அவனுக்குத் தெரியாதது கிடையாது. பல வருஷமாக பஸ் ஓட்டும் அவள் கணவன் ஒரு காதில் வாங்கி மறு காதில் விட்டுவிடுவான். அவளுக்கு அது கைவரவில்லை.

கூடத்தில்தான் அவளுடைய மீன்தொட்டியும் இருந்தது. உப்புத்தண்ணீர்த் தொட்டி. தண்ணீர் பக்குவப்படட்டும் என்று பத்து மாதம் பொறுத்திருந்து, ஒரு சனிக்கிழமை கடல்சாமந்தி வாங்கி வந்தாள். பார்த்தால் இதழ் இதழாக இழைகள் விரிந்த பூ, ஆனால் உயிருள்ள பிராணி. அடியில் ஒரு பாதம் இருக்கும். இடம் பிடித்துப்போனால் பாறையைக் கவ்விக்கொள்ளும், பிடிக்காவிட்டால் நகர்ந்துகொண்டே இருக்கும். அது வந்த பையில் தொட்டித் தண்ணீரைச் சொட்டுச் சொட்டாக ஒன்றரை மணி நேரம் விட்டுப் பழக்கி, பாறைக் குழியில் உட்காரவைத்து, தொட்டிக்குள் அலை எழுப்பும் பம்பை நிறுத்தினாள்.

“இது கால் ஊனுற வரைக்கும் பம்ப் ஓடக்கூடாது. ஓடுனா அடிச்சிக்கிட்டுப் போய் அதுலயே மாட்டிக்கும். சின்ன ஃபில்டர் ஓடுது, அது போதும். தீனியும் போட வேணாம்.”

“எங்கிட்ட எதுக்குச் சொல்ற? நான் என்ன கைக்குழந்தையா?” என்றான் அண்ணன்.

அவள் சுவிட்சின் மேல் ‘போடாதே’ என்று எழுதி ஒட்டினாள்.

ஞாயிறு முழுக்க அது சுருங்கிக் கிடந்தது. திங்களன்று உள்ளங்கை அகலத்துக்கு விரிந்தது. தொட்டியில் ஏற்கெனவே இருந்த இரண்டு கோமாளி மீன்களும் பக்கத்தில் வருவதும் ஓடுவதுமாக இருந்தன. பாதத்தின் ஒரு ஓரம் மட்டும் பாறையைப் பிடித்திருந்தது.

செவ்வாய் மாலை ஐந்து மணிக்கு அவள் செருப்பைக் கழற்றும்போதே பம்பின் உறுமல் கேட்டது. ஓடினாள். தொட்டி கலங்கியிருந்தது. பிய்ந்த இழைகள் மிதந்தன. கடல்சாமந்தி பாதிக்குமேல் பம்பின் சல்லடைக்குள் இழுபட்டுக் கிடந்தது.

“பம்பை யார் போட்டது?”

“நான்தான்” என்றான் அண்ணன், செய்தித்தாளை மடித்தபடி. “மூணு நாளா அசையாமக் கெடக்குது. கடல்ல அலை இருக்குமில்ல? அலை இல்லாம அது எப்படிப் பொழைக்கும்? ரெண்டு எறாத் துண்டுகூடப் போட்டேன்.”

பிளக்கைப் பிடுங்கினாள். சல்லடையிலிருந்து அதை இழுத்தால் கிழிந்துவிடும். தானாக நழுவும்வரை தாங்கிப் பிடிக்கத்தான் வேண்டும். தோள்வரை கையை உள்ளே விட்டாள். அது கழன்று வரும்வரை, முக்கால் மணி நேரம், அந்தக் கை அசையவில்லை. வாய்தான் ஓயவில்லை.

“எழுதி ஒட்டியிருந்தேனே, படிக்கத் தெரியாதா உனக்கு?”

“நல்லதுக்குத்தானே பண்ணேன்.”

“பத்தாவது முடிச்சதும் பிளஸ் ஒன் ஃபாரத்துல என் குரூப்பை நீயா மாத்தி எழுதுன. நல்லதுக்கு! நான் இல்லாத நேரம் என் பழைய தொட்டியைக் கழுவுறேன்னு என் மீனையெல்லாம் குழாய்த் தண்ணியில விட்டு சாகடிச்ச. அதுவும் நல்லதுக்கு!”

“அதையெல்லாம் இன்னுமா மனசுல வச்சிருக்க?”

“நீ மறந்திருவ. உனக்கு என்ன ஆச்சு? போனதெல்லாம் என்னுது.”

கணவன் வந்தான். ஒரு பார்வையில் விஷயம் புரிந்து, சட்டையைக்கூட மாற்றாமல் வாளியில் உப்பைக் கரைக்க ஆரம்பித்தான். பிய்ந்த இழைகள் தண்ணீரை விஷமாக்கிவிடும். பாதியையாவது உடனே மாற்றியாக வேண்டும்.

“குடுங்க மாப்ள, நான் தூக்குறேன்” என்று அண்ணன் வாளிக்குக் கை நீட்டினான்.

“தொடாதே!”

அப்படியொரு குரல் தன்னிடம் இருப்பது அவளுக்கே அன்றுதான் தெரிந்தது. அண்ணன் நீட்டிய கையோடு நின்றான். “ஞாயித்துக்கிழமை கெளம்பிடு” என்றாள், திரும்பிப் பார்க்காமலே.

மறுநாள் காலை கோமாளி மீனில் ஒன்று மல்லாந்து கிடந்தது. அதை எடுத்து அவன் கண்ணெதிரே காகிதத்தில் சுற்றினாள். தங்கையின் கோபம் ஆறிவிடும் என்று சனிக்கிழமை வரை நம்பியிருந்தான் அவன். ஞாயிற்றுக்கிழமை அவளே பெட்டியைக் கொண்டுவந்து வாசலில் வைத்தாள். பஸ் ஸ்டாப் வரை கணவன்தான் கூடப் போனான்.

இழைகளில் மூன்றில் ஒரு பங்கு போயிருந்தது. குன்றிப்போன கடல்சாமந்தி பாறையைச் சுற்றி ஊர்ந்தபடி மூன்று வாரம் இடம் தேடியது. கடைசியில் ஆள் கண்ணுக்கே படாத பின்பக்கத்தில், சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டது. பேனா டார்ச்சை அடித்துப் பார்த்தாள். பாதம் முழுசாகக் கவ்வியிருந்தது.

அன்று சாயங்காலம் அண்ணன் போன் செய்தான்.

“எப்படி இருக்கு அது?”

“பொழச்சுக்கிச்சு.”

“நல்லவேளை. எங்க புடிச்சிருக்கு?”

“பின்னாடி.”

“பின்னாடியா? அங்க வெளிச்சம் பத்தாதே. மெதுவா எடுத்து முன்பக்கமா…”

போனைத் துண்டித்தாள். இரண்டு மாதம் கழித்தும் அந்த வாக்கியம் நினைவுக்கு வந்தால் அவளுக்குப் பல் நறநறக்கும்.